ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

உங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியில் மூன்றாவது விளக்கு எரியவில்லை, லெப்டினன்ட். பதற வேண்டாம், பெட்டி கெடவில்லை. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கும். அழுத்திப் பிடித்தால் எரியும், நாற்காலியை நகர்த்தினால் போய்விடும். முனையை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. நானே செய்து கொடுப்பேன், ஆனால் என் மணிக்கட்டில் நீங்கள் மாட்டியிருப்பதை வைத்துக்கொண்டு முடியாது.

ஏன் செய்தேன் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். உங்களுக்கு முன் வந்த தடித்த ஆள் மேசையைத் தட்டித் தட்டிக் கேட்டார். தட்டினால் எனக்குப் பேச்சு வராது. நீங்கள் மெதுவாகக் கேட்கிறீர்கள். காபியும் கொடுத்தீர்கள், ரேஷன் கடைக் காபி மாதிரி பட்டாணிப் பொடி அதிகம் கலக்காத காபி. அதனால் சொல்கிறேன். ஆனால் முதலில் பெட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 'பக்கத்து வீட்டுத் தகராறு, ஆத்திரத்தில் தாக்கினார்' என்று எழுதி மூடிவிடுவீர்கள். எனக்கு ஆத்திரமே வரவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தாள் கொடுங்கள். இதோ, வரிசையாக எட்டுக் கட்டம். இவற்றைப் போர்ட் என்போம். ஒவ்வொன்றும் ஒரு வாசல். கேபிளைச் செருகியதும் விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். விளக்கு சிமிட்டினால் பேசுகிறார்கள். எந்த வாசலில் யார் என்று பெட்டி தானே தெரிந்துவைத்துக்கொள்ளும். நான்காம் வாசலுக்கு வந்த பேச்சை ஆறாம் வாசலில் போய் ஒப்பிக்காது. எங்கள் கட்டடத்தில் அந்த ஒழுக்கம் இருந்தது அதற்கு மட்டும்தான்.

அந்தப் பெட்டியால் தாங்க முடியாத காரியம் ஒன்றே ஒன்று. ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் அதே பெட்டியில் செருகிவிட்டால் தீர்ந்தது. எட்டில் வெளியே போன பேச்சு ஏழில் உள்ளே வரும். தன் குரல்தான் அது என்று பெட்டிக்குத் தெரியாது. வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து எல்லா வாசலுக்கும் அதை அனுப்பும், அது மறுபடி திரும்பி வரும், மறுபடி அனுப்பும். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் துடிக்கும். அதோடு நிற்காது. ஒன்றாம் போர்ட் வழியாக மேலே ஏறி, அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று பேட்டை முழுக்கப் படுத்துவிடும். நாங்கள் அதைச் சுழி என்று சொல்வோம்.

செர்ரோ பேட்டையில் மாடிக்கு மாடி நாங்களே கேபிள் இழுத்துக் கட்டிய தெரு வலை அது. உங்களுக்குத் தெரியாததா என்ன. சண்டை விளையாட்டு, தொடர் நாடகம், அரட்டை. எங்கள் கட்டடத்துக்கு நான்தான் பொறுப்பு. பெட்டி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, கவிழ்த்த பெயின்ட் பக்கெட்டின் கீழ் இருந்தது. காற்றில் பறக்காமலிருக்கப் பக்கெட்டின் மேல் பாதி சிமென்ட் கல். ஒன்றாம் போர்ட் மேலே போகிறது, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரவுதெல் வீட்டுக்கு. பேட்டை முழுக்க அவன் சொல்தான். இரண்டு என் வீடு. மூன்று எனெய்தா, முதல் மாடியில் நகச்சாயம் பூசிக்கொடுக்கிறவள். நான்கு பல் வைத்தியர். ஐந்து ஒஸ்னியெல். ஆறு ஒரு தச்சர் குடும்பம். ஏழும் எட்டும் காலி. இடி விழுந்து ஏதாவது ஒரு போர்ட் கருகினால் மாற்றிக்கொள்ள வேண்டுமே, அதற்காக.

நான் இருபத்தாறு வருடம் தொலைபேசி வேலை பார்த்தவன். கேபிளுக்குள் எட்டுக் கம்பி. அவற்றை எந்த வரிசையில் முனைக்குள் தள்ளுவது என்று ஒரு அச்சடித்த தாள் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஆரஞ்சில் தொடங்கு என்கிறது. எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போடுவார்கள். நான் பழுப்பில் தொடங்குவேன். இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக, ஜோடி பிரியாமல் இருந்தால் போதும், வேலை செய்யும். ஹவானாவில் பழுப்பை முதலில் வைக்கிறவன் நான் ஒருவன்தான் என்று ரவுதெலே சொல்லியிருக்கிறான். ஒரு முனையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கொடுத்தால்கூட என்னுடையதா இல்லையா என்று சொல்வேன்.

அந்த வேலையை நான் சீக்கிரம் விட நேர்ந்தது. என் கீழ் இருந்த ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தான். கம்பத்தில் இணைப்பைத் தப்பாக முறுக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று இரண்டு தடவை சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டேன். தப்பாகச் செய்கிறவனுக்கு நான் ஏன் ஏணி பிடிக்க வேண்டும். அவன் இப்போதும் நடக்கிறான் என்று கேள்வி, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

அதற்குப் பிறகு பக்கெட்தான். படியில் இறங்கினால் 'எவேலியோ, நாலாம் நம்பர் வேகமா இல்லையே', 'எவேலியோ, தொடர் வந்துடுச்சா' என்று ஆறு பேர் நிறுத்துவார்கள். எனெய்தா கிண்டல் செய்வாள்.

"ஏம்ப்பா எவேலியோ, பக்கெட்டுக்குப் பொண்ணு பார்த்தாச்சா? கல்யாணத்துக்கு நகச்சாயம் என் செலவு."

"அது தனியாத்தான் நல்லா இருக்கு எனெய்தா, உன்ன மாதிரி."

இப்படி ஒரு நாளில் பத்து வார்த்தை. பக்கெட் போனால் அதுவும் போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் யாரும் படியில் நிறுத்திப் பேசாத ஆளாக இருந்து பாருங்கள், பிறகு என்னைக் கேளுங்கள்.

என் மனைவி சொராய்தா பற்றி உங்கள் தாளில் என்னவோ எழுதியிருக்கிறது. தலைகீழாகப் படித்தேன், மன்னிக்கவும். அவள் என்னை விட்டுப் போகவில்லை. கீனெஸ் ஊரில் அவளுடைய தங்கைக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போனாள், இரண்டு வருடமாகிறது. அவள் கை ஒடிந்தது அதற்கு முன். பெட்டிக்கு மின்சாரம் எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து போகிறது. சோறு வேகவைக்கும் மின்சாரப் பானையைச் செருக இடமில்லை என்று அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டடமே விளையாடிக்கொண்டிருக்கிறது.

"சோறு வேகட்டும். இருபது நிமிஷத்துல உலகம் ஒண்ணும் அழிஞ்சிடாது" என்றாள்.

"திரும்ப மாட்டு" என்றேன்.

"நீயும் உன் பக்கெட்டும். கண்ணாடிய ஐஸ் பெட்டில வெச்சிட்டு வீடு பூரா தேடற மனுஷன், ஊருக்குப் பொறுப்பாம்."

பிளக் அவள் கையில் இருந்தது. அதை வாங்க வேண்டியிருந்தது. மணிக்கட்டு சிறியது, சட்டென்று போய்விட்டது. சத்தம் கேட்டுத்தான் நானே விட்டேன். பிளக்கை மாட்டிவிட்டு அவளை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த வரிசையில்தான் செய்தேன், ஏனென்றால் விளையாட்டு நின்று ஏற்கெனவே நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மாவுக்கட்டு போட்ட மறு வாரம் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று.

ஒஸ்னியெலுக்கு வருகிறேன்.

நல்ல பையன், கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். இருபத்தொன்பது வயது, பேக்கரியில் வேலை, மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவான். மாடியில் புறா வளர்த்தான். என்னை மாமா என்று கூப்பிடுவான். எதிர்க் கட்டடத்தில் லியுபா என்று ஒரு பெண், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறான், அவள் வயிற்றில் ஐந்து மாதம். மருத்துவர் அவளைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார். மார்ச்சில் என்னிடம் வந்தான்.

"மாமா, எட்டாம் போர்ட் சும்மாதானே கெடக்கு. லியுபா வீட்டுக்கு ஒரு கேபிள் இழுத்துக்கறேனே. நாள் பூரா கூரையப் பார்த்துக்கிட்டே கெடக்குறா."

"எட்டு சும்மா கிடக்கல. காத்துக்கிட்டு இருக்கு."

"எதுக்கு?"

"எதுக்கானா என்ன, நீ கேட்டா எடுத்துக் குடுக்கறதுக்கு அது கடலைப் பொட்டலமா?"

சிரித்துவிட்டுப் போனான். எதற்கும் சிரிப்பான், அது அவனிடம் ஒரு பழக்கம். அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். அவனுடைய புறாக்கள் என் கேபிள் மேல் உட்கார்ந்தன. ஒன்றாம் போர்ட்டின் கேபிள் மேல், சரியாக அதன் மேல். கேபிள் தொய்ந்தது. சொன்னேன். "புறாக்கிட்ட நான் என்ன சொல்ல மாமா, அதுங்களுக்கு ஒண்ணாம் நம்பர் எதுன்னு தெரியுமா?" என்றான். ஏப்ரலில் ஒரு காலை அவன் பேக்கரிக்குப் போனதும் கூண்டைத் திறந்தேன். பதினொன்று இருந்தன. கட்டைவிரலைத் தலைக்குப் பின்னால் வைத்து ஒரு திருகு, வலி தெரியாது. கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக, ஒரே இடைவெளி விட்டு வைத்தேன். கூண்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், நாய் ஏதும் உள்ளே போய் அசிங்கம் செய்யக் கூடாதல்லவா. அவன் வந்து பார்த்து அழுதான் என்று எனெய்தா சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குற்றம் இல்லாதவன் கேட்டிருப்பான்.

மே மாதம் மழை தொடங்கியது. இரண்டு மணிக்கு இருட்டும், இரண்டரைக்கு இடி. மாடிக்கு மாடி தொங்கும் கேபிள் இடியைக் கூப்பிட்டு வீட்டுக்குள் விடும். அதனால் முதல் முழக்கம் கேட்டதும் பெட்டிக்குப் பொறுப்பானவன் மாடிக்கு ஓட வேண்டும். எல்லாக் கேபிளையும் பிடுங்க வேண்டும். மழை விட்டதும் மறுபடி போய், ஒவ்வொரு போர்ட்டும் உயிரோடிருக்கிறதா என்று சோதித்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். பேட்டையில் வருடத்துக்கு நான்கு பெட்டி கருகும். ஆறு வருடத்தில் என் பெட்டியில் ஒரு போர்ட் கருகியதில்லை. பக்கெட்டை வேறு யாரும் தூக்கக் கூடாது என்பது சட்டம். நான் போட்ட சட்டம்.

அந்த மே மாதம் முதல் சுழி வந்தது. மழை விட்டு நான் எல்லாவற்றையும் செருகிவிட்டு வீட்டுக்கு இறங்கிய பத்து நிமிடத்தில். பேட்டை முழுக்கப் படுத்தது. ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே இழுப்பாகப் பிடுங்கினேன், மறுபடி செருகினேன், சரியாகிவிட்டது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது ஜூன் தொடக்கத்தில், அதே மாதிரி, மழைக்குப் பிறகு. அன்றைக்கும் பிடுங்கிச் செருகிச் சரிசெய்தேன். யோசித்துப் பாருங்கள். நான் மாடியை விட்டு இறங்கிய பின்தான் இரண்டு முறையும் வருகிறது. யாரோ நான் இறங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். எட்டாம் போர்ட் யாருக்கு வேண்டும். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

மூன்று சுழி வந்தால் பக்கெட் கைமாறும். அது பேட்டையின் விதி, ரவுதெல் போட்டது. போன வியாழக்கிழமை மழை இரண்டேகாலுக்குப் பிடித்து மூன்று மணிக்கு விட்டது. மேலே போனேன், சோதித்தேன், செருகினேன், இறங்கினேன். காபி வைக்க அடுப்பைப் பற்றவைத்தேன். தொலைபேசி அடித்தது.

"பெருசு, உங்க பக்கெட்தான்" என்றான் ரவுதெல்.

"என் பக்கெட்ல ஒண்ணும் இல்ல."

"எழுநூறு பேர் விளையாட்டு நின்னு போச்சு, ஒண்ணும் இல்லங்கிறீங்க. உங்க கேபிள நான் இங்க பிடுங்கினேன், ஊரே எழுந்து உட்கார்ந்துடுச்சு. மூணாவது தடவ பெருசு. எனக்கு வேற வழி இல்ல. ஞாயித்துக்கிழம ஒஸ்னியெல் வீட்டுக்கு மாத்திடலாம். அவன் பொறுமையான பையன்."

"அவன் பேர யார் சொன்னது?"

"நாந்தான். கேட்டா வேணாங்கிறான். நீங்க மனசு வருத்தப்படுவீங்களாம்."

பாருங்கள், வேண்டாம் என்றானாம். எவ்வளவு நேர்த்தி. அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அவசரப்படவில்லை. படியில் எனெய்தாவின் கதவு திறந்திருந்தது, நாடகம் பாதியில் நின்றுவிட்டதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒஸ்னியெல் பக்கெட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியின் முன் குந்தியிருந்தான். சிமென்ட் கல் அவனுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. பெட்டியின் விளக்கெல்லாம் துடித்துக்கொண்டிருந்தன, ஒன்றாம் விளக்கைத் தவிர. அவன் ஒரு விரலை நீட்டி ஒவ்வொரு போர்ட்டாக எண்ணிக்கொண்டு வந்தான். நானாக இருந்தால் முதலில் எல்லாவற்றையும் பிடுங்குவேன். அவன் முதலில் பார்த்தான். பிறகு ஏழிலும் எட்டிலுமாக வளைந்து நின்ற ஒரு குட்டைக் கேபிளைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"மாமா, அகப்பட்டுக்கிச்சு. தன் வாலத் தானே கடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு பாருங்க."

கையும் களவுமாக அகப்பட்டவன் அவன்தான். என் பக்கெட் தூக்கப்பட்டிருக்கிறது, கேபிள் அவன் கையில் இருக்கிறது. அதோடு அவனே தன் வாயால் ஒப்புக்கொண்டான். நான்தான் செருகினேன் என்றான். அதை எழுதிக்கொள்ளுங்கள், லெப்டினன்ட். அதற்குப் பிறகு ஒரு மனிதனுக்கு என்ன சந்தேகம் மிச்சம் இருக்க முடியும்.

அவன் பெட்டி பக்கம் திரும்பி மற்றக் கேபிள்களைச் சரிபார்க்கக் குனிந்தான். கல்லை எடுத்தேன். பாதிக் கல் என்றாலும் கனம், இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. பின்மண்டையில் முதல் அடி விழுந்ததும் அவன் முழங்காலிட்டபடியே முன்னால் சாய்ந்து ஒரு கையை ஊன்றினான். அந்தக் கை பெட்டியின் மேல் விழவிருந்தது. தோளைப் பிடித்து அவனை மறுபக்கம் தள்ளிவிட்டேன். மல்லாந்து விழுந்தான். என்னைப் பார்த்தான். ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது, நான் தூக்கிவிடுவேன் என்று நினைத்தான் போல, கையை நீட்டினான். அந்தக் கையின் மேல்தான் அடுத்தது விழுந்தது, விரல்களோடு சேர்த்து. பிறகு முகம். பதினான்கு அடி என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். எனக்கு நான்கைந்து என்றுதான் நினைவு. மருத்துவரோடு நான் வாதம் செய்ய மாட்டேன், அது அவருடைய வேலை. மூச்சு தொண்டையில் கொப்பளித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. அது நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுவிட்டுப் போகவில்லை.

அப்புறம் கீழே இறங்கிக் கை கழுவினேன், தொலைபேசியில் ரவுதெலைக் கூப்பிட்டேன்.

"கேபிள மாட்டு. சரியாயிடுச்சு."

அவன் மாட்டினான். ஒரு நிமிடம் காத்திருந்தான். "அட, ஆமா. சுத்தமா இருக்கு. என்னவாம்? யார் கண்டுபிடிச்சது, ஒஸ்னியெலா?"

"நான்" என்றேன்.

"அப்படின்னா சரி பெருசு. ஞாயித்துக்கிழம விஷயத்த அப்புறம் பேசிக்கலாம், விடுங்க."

எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. மறுபடி மேலே போனேன். ஒன்று எரிந்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எல்லாம் அமைதியாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஐந்தும் எரிந்தது. அவன் வீட்டில் கணினியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த விளக்கு என் பக்கத்தில் அப்படி எரிந்துகொண்டிருந்தது பிடிக்கவில்லை. ஐந்தைப் பிடுங்கினேன். பக்கெட்டைக் கவிழ்த்து, கல்லை அதன் மேல் வைத்தேன். கல்லைக் கழுவி வைத்திருக்கலாம் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். மழை வரும், கழுவும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எனெய்தா துணி காயப்போட வந்தாள். கையில் பேசின். பார்த்தாள், பேசினைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. அவளை உட்காரச் சொன்னேன், தொட்டி ஓரம் காய்ந்திருந்தது. சுழி என்றால் என்ன, எட்டாம் போர்ட்டுக்காக அவன் மூன்று மாதமாக என்ன செய்தான், எல்லாவற்றையும் உங்களுக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் கை வாயைப் பொத்தியிருந்தது, கண் என் சட்டையை விட்டு அகலவில்லை.

"புரியுதா எனெய்தா?"

"புரியுதுப்பா."

"வேற என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லு."

"நீ செஞ்சது சரிதான் எவேலியோ. சரிதான்ப்பா. நான் கீழ போயி... அடுப்புல பீன்ஸ் வெச்சிட்டு வந்தேன், தீஞ்சிடும்."

"உன் நாடகம் ஓடுதா பாரு, மூணாம் நம்பர் பச்சையா எரியுது."

"ஓடும்ப்பா. நல்லா ஓடும்."

என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாகப் படியில் இறங்கினாள். வழுக்கும் என்று எச்சரித்தேன். கட்டடத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள். யார் உங்களைக் கூப்பிட்டது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனெய்தா இல்லை என்று எனக்குத் தெரியும். பல் வைத்தியராக இருக்கும்.

இப்போது அந்தக் கேபிளை உறையில் போட்டு என் முன் வைத்திருக்கிறீர்கள். பார்க்கிறேன். ஒரு முழ நீளம். ஆமாம், முனை இரண்டிலும் கம்பி வரிசை பழுப்பில் தொடங்குகிறது. கண்ணாடி போடாமலே தெரிகிறது. நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்றும் தெரிகிறது. அதில் என்ன இருக்கிறது. அவன் மூன்று வருடம் என் பக்கத்தில் நின்று நான் வேலை செய்வதைப் பார்த்தவன். பார்த்துப் பழகியிருப்பான். என் மேல் பழி விழ வேண்டும் என்று என் வரிசையிலேயே செய்திருக்கிறான். கெட்டிக்காரன் என்று நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா.

அவன் ஒப்புக்கொண்ட வார்த்தைகளை அப்படியே சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. கேபிளைத் தூக்கிக் காட்டினான், சிரித்தான், என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. பிறகு தணிந்த குரலில், பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடும் என்பது போலச் சொன்னான்.

"ரவுதெல்கிட்ட நான்தான் தெரியாம செருகிட்டேன்னு சொல்லிக்கிறேன் மாமா. பக்கெட் உங்ககிட்டயே இருக்கட்டும். போங்க, போயி காபியக் குடிங்க, நான் மிச்சத்தப் பார்த்துக்கிறேன்."

இவ்வளவுதான். நான்தான் செருகினேன். வார்த்தை மாறாமல் இருக்கிறதா இல்லையா. செய்யாத குற்றத்தை எவனாவது தன் தலையில் போட்டுக்கொள்வானா, லெப்டினன்ட். அதுவும் பதினொரு புறாவை இழந்தவன்.

அவனைக் கொன்றது நான்தான். கல்லால் அடித்தேன், அவன் சாகும்வரை உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, இரண்டரைக்கு இடி விழும். அந்தப் பெட்டியை இனி யார் பார்த்துக்கொண்டாலும் சரி, உங்கள் விசாரணை முடிந்ததும் இந்தக் குட்டைக் கேபிளை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பக்கெட்டுக்குள் எப்போதும் இருக்க வேண்டியது இது. மழை விட்டதும் முதலில் இதை எடுத்து, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன், பிறகு மூன்றுக்கும் நான்குக்கும், ஐந்துக்கும் ஆறுக்கும், கடைசியாக ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் செருகிப் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.